கடைசி அறைக்கு ஒரு திறப்பு விழா

ஒரு டெலிகிராம் குழுவுக்குக் குத்துவிளக்கு ஏற்றி, கோங் மணி அடித்து, பொன்னாடை போர்த்தித் திறப்பு விழா நடத்திய ஊர் உலகத்தில் ஈப்போ ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெருமையில் பாதி பெர்னடெட்டுக்கு, மீதி அவளுடைய தோழி சுபாஜினிக்கு. விழாவுக்கு முன்பே அந்தக் குழு நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகவே ஓடியது. ஆனால் நன்றாக ஓடுகிற எதையும் நம்மவர்களால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேடை போட்டு, நாலு பேரைப் பேச வைத்து, நன்றியுரையும் சொல்லி முடித்தால்தான் அது நடக்கிறது என்றே நம்புவார்கள்.

பெர்னடெட் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் குறைநீக்கல் ஆசிரியை. முதல் மூன்று ஆண்டுகளில் எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளைகளை வகுப்பிலிருந்து பிரித்து அவளிடம் அனுப்புவார்கள். ரப்பர் தோட்டத்துக்குள் இருந்த பள்ளி அது. தோட்டம் ரப்பர் போய்ச் செம்பனை எண்ணெய் மரமாகி ஆட்கள் டவுனுக்குப் போன பிறகு, பள்ளியும் லாரிகள் ஓடும் சாலையோரத்துக்கு வந்து சேர்ந்தது. கட்டடம் புதிது, பெயின்ட் புதிது. குறைநீக்கல் வகுப்புக்குக் கொடுத்தது மட்டும் கடைசி அறை, உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில். எந்தப் பள்ளிக்குப் போனாலும் இதே கதைதான்.

கணக்கு ஆசிரியர்கள் மூன்று பேர் சேர்ந்தால் கணக்கைப் பற்றிப் பேசலாம். குறைநீக்கல் ஆசிரியை யாரிடம் பேசுவாள்? ஒரு பள்ளிக்கு ஒருத்திதான். ஒரு பிள்ளை மாதக்கணக்கில் 'ப'வையும் 'ய'வையும் மாற்றி மாற்றிப் படிக்கிறது என்று ஆசிரியர் அறையில் போய்ச் சொன்னால், "பாவம்லா" என்று சொல்லிவிட்டு அவரவர் தேநீரைக் குடிப்பார்கள். அந்தப் 'பாவம்' பிள்ளைக்கா ஆசிரியைக்கா என்று பெர்னடெட்டுக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

கோவிட் சமயத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அவளும் சுபாஜினியும் சேர்ந்து குழுவை ஆரம்பித்தார்கள். சுபாஜினிக்கு அப்போது சிம்பாங் பூலாய்ப் பக்கம் அதே வேலை. பயிற்சிக் கல்லூரி விடுதியில் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். சுபாஜினி ஈப்போவில் பிறந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். பெர்னடெட் தோட்டத்து மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். விடுதியில் ஒருத்தி தமிழை இன்னொருத்தி கிண்டல் செய்தே காலத்தை ஓட்டினார்கள். சுபாஜினி வெளியில் எல்லாரையும் போலத்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் எட்டிப் பார்க்கும். 'ஆமா' போய் 'ஓம்' வந்துவிடும். பெர்னடெட்டுக்கு அந்த 'ஓம்' ஒன்றே போதும், சண்டை முற்றிவிட்டது என்று தெரிந்துகொள்வாள்.

குழுவுக்கு 'கடைசி அறை' என்று பெயர் வைத்தது பெர்னடெட். பாரிட் புந்தாரிலிருந்து சிம்பாங் பூலாய் வரைக்கும் கடைசி அறைகளில் தனியாகக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மற்ற ஆசிரியர் குழுக்களில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: காலை வணக்கம், ரோஜாப்பூ, சுற்றறிக்கை, அப்புறம் தன் வகுப்பு எவ்வளவு பிரமாதம் என்று காட்டுகிற படங்கள். பெர்னடெட் அதையெல்லாம் தடை செய்தாள். இங்கே வெற்றியைப் போடக் கூடாது, முதலில் சறுக்கலைப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர், தன் வகுப்பில் தோற்றுப்போன ஒரு பாடத்தை வீடியோ எடுத்துப் போடுவார். பிள்ளையின் முகம் தெரியக் கூடாது. கையும் புத்தகமும் மட்டும். சனிக்கிழமை காலை எல்லாரும் வீடியோ அழைப்பில் அதைப் பற்றிப் பேசுவார்கள், என்ன செய்யலாம் என்று யோசனை சொல்வார்கள், அடுத்த வாரம் அவர் அதைச் செய்து பார்த்துவிட்டு மிச்சக் கதையைப் போடுவார்.

முதல் சறுக்கலைப் போட்டது அவள்தான். வேறு யார் போடுவார்கள்? அதில் அவள் ஸ்கேலால் மேசையில் ஓங்கி அடித்து, "உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?" என்று கத்துகிறாள். புத்தகத்தின் மேலிருந்த சின்னக் கை, சுடுபட்டதுபோல் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. அதைப் போட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் மற்றவர்களும் போட ஆரம்பித்தார்கள். 'நானும் இப்படித்தான் கத்தினேன்' என்று எழுதினார்கள். அப்படி எழுத ஓர் இடம் கிடைக்காமல் எத்தனை பேர் வருடக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எதையும் யாரும் சேமிக்கவோ வேறிடத்துக்கு அனுப்பவோ முடியாதபடி டெலிகிராமில் ஒரு பூட்டு உண்டு. குழுவின் உரிமையாளர்தான் அதைப் போடலாம், எடுக்கலாம். பெர்னடெட் முதல் நாளே பூட்டிவிட்டாள்.

நவமணி இந்தக் குழுவுக்கு வந்தது பின்னால்தான். பாரிட் புந்தாரில் வயல்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளி. ஒப்பந்த ஆசிரியை, நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வை எதிர்பார்த்து, குரு பெசாரின், அதாவது தலைமையாசிரியரின், முகத்தைப் பார்த்துப் பார்த்து மூச்சு விடுகிற நிலை. மாதக்கணக்கில் மற்றவர்களுடையதைப் பார்த்தாளே தவிர ஒரு வார்த்தை எழுதவில்லை. பெர்னடெட்டே ஒருநாள் அவளைக் கூப்பிட்டுப் பேசினாள்.

"போட பயமா இருக்குக்கா. எங்க குரு பெசார் கேள்விப்பட்டாருன்னா அவ்வளவுதான். கான்ட்ராக்ட் ரினியூ பண்ண மாட்டாரு."

"அவரு எப்படிம்மா கேள்விப்படுவாரு? கடைசி அறையில பேசுனது கடைசி அறைய விட்டு வெளிய போவாது. அதுக்கு நான் பொறுப்பு."

"நீங்க சொன்னா போடுறேன்க்கா."

நவமணி போட்டாள். ஒரு சிறுமியின் விரல் ஒரே சொல்லில் நின்று நின்று நகர மறுக்கிறது. நவமணியின் குரல் பொறுமையாக ஆரம்பித்து, மெல்ல ஏறி, கடைசியில் உடைகிறது: "நீ எதுக்குத்தான் ஸ்கூலுக்கு வர்ற?" அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, "சாப்பிட டீச்சர்" என்கிறது. அதற்கப்புறம் பேச்சே இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, அது பிள்ளையுடையது இல்லை.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் நெடுநேரம் பேசினார்கள். சாப்பிட வருகிற பிள்ளைக்குச் சாப்பாட்டிலிருந்தே ஆரம்பி என்று சொன்னது சுபாஜினி. அதைச் சொல்லியாக வேண்டும், அவள் நல்ல ஆசிரியை. பள்ளியில் இலவசமாகக் கொடுக்கிற காலை உணவில் அன்றன்றைக்கு என்ன இருக்கிறதோ, அதை அட்டையில் எழுதி முதலில் படிக்க வைக்கச் சொன்னாள். நவமணி செய்தாள். சில வாரம் கழித்து மிச்சக் கதை வந்தது. அதே விரல், "மு... ட்... டை" என்று நகர்ந்து, ஒரு நொடி நின்று, "முட்டை டீச்சர்! முட்டை!" என்று அட்டையைத் தட்டியது. அந்த வாரம் முழுக்கக் கடைசி அறையில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. முட்டைப் படம்தான் அனுப்பிக்கொண்டார்கள்.

இப்படி இருந்த குழுவுக்குத்தான் திறப்பு விழா.

சுபாஜினி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு ஈப்போவில் ஒரு பயிற்சிக் கழகத்தில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்திருந்தாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற கழகம். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஸ்கந்தராஜா அதற்குத் தலைவர். சேர்ந்த கொஞ்ச நாளில் அவள் பெர்னடெட்டைத் தேடி சுங்கை சிப்புட்டுக்கு வந்தாள்.

"பெர்னா, இத ரஸ்மியா, அதிகாரபூர்வமா ஆக்கிடலாம். கழகத்துக்குக் கீழ வந்துட்டா, சனிக்கிழமை பேசுறதெல்லாம் பயிற்சி நேரமா கணக்குல சேரும். வேற கோர்சுக்குப் போயி தூங்கிட்டு வர வேண்டாம்லா."

அந்த நியாயத்தில் ஓட்டை எதுவும் இல்லை. வருடத்துக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி என்று கணக்குக் காட்ட, ஆசிரியர்கள் எங்கெங்கோ போய் ஏசி குளிரில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். உண்மையாகக் கற்றுக்கொள்கிற இந்தச் சனிக்கிழமை மட்டும் எந்தக் கணக்கிலும் வராமல் போகிறது. அதனால்தான் பெர்னடெட் சரி என்றாள். அதனால் மட்டும்தானா? மேடையில் துணிப்பதாகையில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு இருந்தது. அதற்காகவே லிட்டில் இந்தியாவில் ஒரு பட்டுச்சேலை வாங்கினாள். அவள் கணவன் லயனல்தான் சிரித்தான்.

"போன்ல இருக்குறதுக்கு ஏன்டி திறப்பு விழா? ரிப்பன எங்க கட்டுவீங்க?"

ரிப்பன் கட்டவில்லை. அதைவிடப் பெரிதாகச் செய்தார்கள். வீடு கொடுத்தாலும் வேன் கொடுத்தாலும் ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைச் சாவி செய்து மேடையில் கொடுப்பதுதானே இங்கே வழக்கம்? கடைசி அறைக்கும் ஒரு சாவி வேண்டும் என்று சுபாஜினி சொன்னாள். செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பெர்னடெட்டேதான். வாரக் கடைசி முழுக்க வீட்டு ஹாலில் உட்கார்ந்து அட்டையை வெட்டி, தங்கத் தாள் ஒட்டி, சிவப்பு ரிப்பனில் முடிச்சும் போட்டாள். சாவி அழகாகவே வந்தது.

விழா ஒரு சங்க மண்டபத்தில். ஸ்கந்தராஜா கோங்கை அடித்தார். அட்டைச் சாவியை பெர்னடெட் அவர் கையில் கொடுத்தாள், படம் எடுத்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிஜச் சாவியையும் இப்போதே, சபை முன்னால் கொடுத்துவிடுவோம் என்று அறிவிப்பாளர் சொன்னார். பெர்னடெட் மேடையில் நின்றபடியே போனை எடுத்து, குழுவின் உரிமையைச் சுபாஜினி பெயருக்கு மாற்றினாள். லைன் மெதுவாக இருந்தது. நாதஸ்வர ஒலிப்பதிவு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. டெலிகிராம் ஒருமுறைக்கு இருமுறை, நிச்சயமாகவா என்று கேட்டது; அதற்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. கடவுச்சொல்லைத் தட்டினாள். சபை கைதட்டியது. சுபாஜினி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது இருவருக்குமே கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய் என்று பெர்னடெட்டால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

விழா முடிந்து சாவியை யாரும் எடுத்துப் போகவில்லை. அதுவும் அவள் காரிலேயே திரும்பி வந்தது.

சில மாதம் கழித்துக் கழகம் ஒரு பயிற்சி ஏற்பாடு செய்தது. 'வகுப்பறைப் பிழைகளும் தீர்வுகளும்' என்று தலைப்பு. ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபம். ஆசிரியர்களோடு தலைமையாசிரியர்களும் வர வேண்டும். நவமணி தன் தலைமையாசிரியரின் காரிலேயே வந்து இறங்கினாள். பெர்னடெட்டை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வீடியோல பாக்குறதவிட நீங்க குட்டையா இருக்கீங்கக்கா!"

"நீ மட்டும் என்னா, தென்ன மரமா?"

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நவமணிக்கு வலது பக்கம் அவளுடைய தலைமையாசிரியர். முன்னால், மூன்றாம் வரிசையில் பெர்னடெட்டின் தலைமையாசிரியை. மேடையில் சுபாஜினி ஒலிவாங்கியோடு வந்து, இன்றைக்குப் புத்தகத்தில் இல்லாத, உண்மையான வகுப்பறைகளைப் பார்க்கப் போகிறோம் என்றாள். விளக்கு மங்கியது.

திரையில் ஒரு கையும் புத்தகமும் வந்தன. பெர்னடெட்டுக்கு அது யாருடைய கை என்று கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடுத்தது இன்னொரு கை. அடுத்தது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு: பொறுமையின்மை, தவறான கேள்வி, குரல் உயர்த்துதல். கடைசி அறையின் சறுக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சுவர் அளவுக்குப் பெரிதாகி ஓடிக்கொண்டிருந்தன. யார் பெயரும் இல்லை. குரல் மட்டும் இருந்தது. தன் பள்ளி ஆசிரியையின் குரல் எந்தத் தலைமையாசிரியருக்குத் தெரியாது? மண்டபத்தில் அங்கங்கே தலைகள் திரும்பின.

வேண்டாம், அது மட்டும் வேண்டாம் என்று பெர்னடெட் மாதாவைக் கூப்பிட்டாள். மாதாவுக்குக் காது கேட்கவில்லை.

"நீ எதுக்குத்தான் ஸ்கூலுக்கு வர்ற?"

"சாப்பிட டீச்சர்."

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, பிள்ளைகள் எதையாவது சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நவமணி சிரிக்கவில்லை, அழவுமில்லை. மடியில் கிடந்த பயிற்சிப் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைமையாசிரியர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். முட்டை வரும், இப்போது முட்டை வரும் என்று பெர்னடெட் காத்திருந்தாள். வரவில்லை. 'தவறான கேள்வி' என்ற தலைப்போடு அது முடிந்து அடுத்த கை வந்துவிட்டது.

தேநீர் இடைவேளையில் நவமணி கறிபாப் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக நின்றாள். பெர்னடெட் பக்கத்தில் போனாள்.

"நவமணி, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

நவமணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், குரலை உயர்த்தாமல்.

"எல்லாருதும் வந்துச்சுக்கா. மொத மொத போட்டது நீங்கதான். உங்களது மட்டும் ஏன்க்கா வரல?"

பெர்னடெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடையது வரவில்லை. ஸ்கேல் வரவில்லை, மேசைக்கடியில் ஒளிந்த கை வரவில்லை. அவள் எத்தனையோ சறுக்கல்களைப் போட்டிருந்தாள், ஒன்றுகூட வரவில்லை. சுற்றிலும் பார்த்தாள். கடைசி அறைக்காரர்கள் இரண்டு மூன்று பேராகக் கூடி நின்றார்கள். ஒருவரும் அவள் பக்கம் வரவில்லை. அவர்களும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நவமணி ஒருத்திதான் வாய்விட்டுக் கேட்டாள்.

சுபாஜினி மேடைக்குப் பக்கத்தில் மடிக்கணினியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பெர்னடெட் போன வேகத்தில் ஒயர் தடுக்கி விழப் பார்த்தாள்.

"பூட்டித்தானே வச்சிருந்தேன்? எப்படி எடுத்த?"

"பூட்ட எடுத்துட்டுத்தான் எடுத்தேன். பேரு போடலியே, மூஞ்சி காட்டலியே. ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"வெளிய போவாதுன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன் சுபா!"

"எத்தன பேரு பாக்குறாங்கன்னு பாத்தியா? நாப்பது பேரு ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு அழுவுறதுக்கா இதெல்லாம்? பகிரணும் பகிரணும்னு நீதானே சொல்லுவ? இதான்லா பகிர்றது."

"மிச்சக் கதை எங்க? முட்டை எங்க? அது நீ சொல்லிக் குடுத்த யோசன. அதக்கூட வெட்டிட்டியா?"

"தீர்வெல்லாம் ரெண்டாம் கட்டப் பயிற்சியில வருது. இன்னைக்குப் பிழை மட்டும்தான்."

பெர்னடெட் அவள் முகத்தையே பார்த்தாள். விடுதியில் ஒரே கொசுவலைக்குள் படுத்த முகம். அதில் கள்ளத்தனம் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினாள். தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னோடது ஏன் போடல?"

சுபாஜினியின் குரல் தணிந்தது. ஏதோ பிறந்தநாள் பரிசைக் கொடுக்கப் போகிறவள் மாதிரி, பெர்னடெட்டின் முழங்கையைத் தொட்டாள்.

"உன்னப் போடுவேனா நான்? உன் குரு பெசார் முன்னுக்கு உக்காந்திருக்காங்க. உன்னக் காப்பாத்தணும்னுதான் ஒண்ணு ஒண்ணா பாத்து எடுத்துட்டேன். ராவா உக்காந்து செஞ்சேன் பெர்னா."

"என்னக் காப்பாத்தினியா? மத்தவங்கள எல்லாம் காட்டிக் குடுத்துட்டு?"

"ஓம், காப்பாத்தினனான்தான்! நன்றியாவது சொல்லன். மேடையில நிண்டு சாவியக் குடுத்தது ஆர்? நானா பறிச்சனான்?"

'ஓம்' வந்துவிட்டது. இனிப் பேசிப் பயனில்லை. பெர்னடெட்டின் மனம் விட்டுப்போயிற்று. பகையாளி செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். பிரியமாகச் செய்துவிட்டு நன்றி கேட்கிறவளை என்ன செய்வது?

இடைவேளை முடிந்து ஆட்கள் வந்து உட்கார்ந்ததும், கேள்வி நேரம் என்று சொன்னார்கள். பெர்னடெட் எழுந்து நேராகப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள். கேள்வி கேட்கவில்லை. தன் போனில் பழைய வீடியோவைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டி, ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

ஸ்கேல் மேசையில் விழுந்த சத்தத்தில் முன்வரிசையில் ஒருவர் துள்ளிவிட்டார்.

"உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?"

மூன்றாம் வரிசையில் அவளுடைய தலைமையாசிரியையின் முதுகு நிமிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. பெர்னடெட் போனை இறக்கவில்லை. முடியும் வரைக்கும் ஓடவிட்டாள்.

"இது என் குரல்தான். என் பேரு பெர்னடெட், சுங்கை சிப்புட். நீங்க காலையில பாத்தவங்க எல்லாரையும் போடச் சொன்னது நான்தான். என்னோடத மட்டும் எடுத்துட்டாங்க. எடுக்கச் சொல்லி நான் கேக்கல. அது ஒருத்தருக்குத் தெரியணும். அதுக்குத்தான் எந்திரிச்சேன்."

சொல்லிவிட்டு நவமணியைப் பார்க்கத் திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியும் காலி. பாரிட் புந்தாருக்கு நெடுந்தூரம் போக வேண்டும் என்று தலைமையாசிரியர் இடைவேளையிலேயே புறப்பட்டுவிட்டாராம், பின்வரிசையில் இருந்தவர் சொன்னார். அவர் காரில் வந்தவள் அவர் காரில்தானே போக வேண்டும்? அந்தக் காருக்குள் அவர் என்ன கேட்பார், அவள் என்ன சொல்லுவாள், வழி முழுக்க எப்படி மூச்சு விடுவாள் என்று நினைத்தபடி பெர்னடெட் ஒலிவாங்கியை விடாமல் நின்றாள்.

அவள் அப்படியே நிற்பதைப் பார்த்து, இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று ஸ்கந்தராஜா நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எழுந்து கைதட்டினார். அவர் தட்டியதும் மண்டபமே தட்டியது. "துணிச்சலான பகிர்வு, மிக அருமையான பகிர்வு" என்று சொல்லிக்கொண்டே வந்து, யாருக்கோ கொண்டுவந்து மிச்சமிருந்த பொன்னாடையை அவள் தோளில் போர்த்தினார். படம் எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரித்தாளா என்று அவளுக்கே நினைவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேரும்போதே போன் அறிவித்துக்கொண்டிருந்தது. கடைசி அறையிலிருந்து ஒருவர் வெளியேறினார். இன்னொருவர் வெளியேறினார். யாரும் திட்டவில்லை, ஒரு வார்த்தை எழுதவில்லை. பந்தி முடிந்து எழுந்திருப்பவர்கள் மாதிரி வரிசையாகப் போனார்கள். நவமணியும் போய்விட்டிருந்தாள். பெர்னடெட் அவளைக் கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. 'எங்கிட்ட ஒரு தடவ பேசும்மா' என்று செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. படித்ததற்கான இரண்டாவது டிக் விழவே இல்லை.

லயனல் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பொன்னாடையைப் பார்த்தான். ஹால் மூலையில் அந்த அட்டைச் சாவி சாய்ந்து நின்றது. அதை எப்போதோ தூக்கிப் போட்டிருக்கலாம். தங்கத் தாளை அவ்வளவு ஒழுங்காக ஒட்டியதால் மனம் வரவில்லை.

அப்போது சுபாஜினியிடமிருந்து செய்தி வந்தது. காலையில் நடந்தது எதுவும் நடக்காததுபோல், ஒரு பூச்செண்டும் கைகூப்பலும் போட்டிருந்தாள்.

'பெர்னா, கோவம் ஆறிடுச்சா? உன் கிளிப்புக்குத்தான் இன்னைக்கு நல்ல ஃபீட்பேக். எல்லாரும் அதயே பேசுறாங்க. தைப்பிங் கோர்சுல மொதலாவதா அதத்தான் போடப் போறோம். நவமணியோடது ரெண்டாவது. சரிதானே?'

சரியா என்று கேட்டிருக்கிறாளே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அழைப்பிதழின் படத்தையும் கீழேயே இணைத்திருந்தாள்.

பெர்னடெட் கடைசி அறையைத் திறந்தாள். ஆட்கள் போய்விட்டார்கள், வீடியோக்கள் அப்படியே இருந்தன. அவசரத்தில் யாரும் தங்களுடையதை அழித்துவிட்டுப் போகவில்லை. அவளால் மற்றவர்களுடையதை இனி அழிக்க முடியாது, உரிமையாளருக்குத்தான் அந்த அதிகாரம். பூட்டவும் முடியாது. குழுவை மூடவும் முடியாது. தான் போட்டதை மட்டும் அழிக்கலாம். மேலே மேலே தள்ளிக்கொண்டு போய், முதல் நாள் போட்ட முதல் சறுக்கலுக்கு வந்து சேர்ந்தாள். விரலை வைத்து அழுத்தினாள். அழிக்கவா என்று போன் கேட்டது.

கழகத்திடம் பிரதி இருக்கும்தான். இருக்கட்டும். இங்கேயாவது அது இல்லாமல் போகட்டும், தன் வீட்டுக் குப்பையைத் தானே அள்ளிய திருப்தியாவது மிஞ்சட்டும் என்றுதான் வந்தாள்.

ஆனால் நவமணி என்றைக்காவது திரும்பி வந்து பார்த்தால்? வரமாட்டாள். வந்தால்? இங்கே எல்லாருடையதும் இருக்கும். பெர்னடெட்டுடையது மட்டும் இருக்காது.

அவள் விரலை எடுத்துவிட்டாள். கோப்பி ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கடைசி அறையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள்.